வாடகை வீடு விலைக்கு வருகிறது!

அம்பத்தூர்த் தோழர்கள் நம்மிடம் கேட்கும் கேள்விகளிலே முன்பெல்லாம் சம்பளமும் போனசும்தான் முதலிடம் பெறும். இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. “குடியிருக்கிற வீட்டை விற்கப் போகிறேன், நீ வாங்கிக்கொள்கிறாயா, இல்லை காலி செய்கிறாயா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். வாங்கலாமா, வேண்டாமா?” என்கிறார்கள். இன்னும் சிலர், “நாலு தெரு தள்ளி ஓர் அடுக்குமாடி வீடு விலைக்கு வருகிறது. இருபது வருஷமாக வாடகைக்கு விட்டிருந்த வீடாம். விலை கொஞ்சம் குறைவு. துணியலாமா?” என்று கேட்கிறார்கள்.

சங்க அலுவலகத்து வாசலிலே நின்றபடி ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடக்கூடிய விஷயமல்ல இது. ஒரு தொழிலாளி முப்பது ஆண்டு மெஷினோடு மெஷினாக நின்று சேர்த்த வைப்புநிதியும் பணிக்கொடையும் அதிலே போகப்போகிறது. ஆகவே இன்று இந்தப் பத்தியை இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

முதலிலே, இந்த வீடுகள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். 1949-இல் சைக்கிள் கம்பெனி வந்தது. 1959-இல் டன்லப் டயர் ஆலை வந்தது. 1960-களிலே தொழிற்பேட்டை எழுந்தது. ஆயிரக்கணக்கான ஏக்கர் வயலும் தோப்பும் பட்டறைகளாயின. ஆலைக்கு இடம் கொடுத்தார்கள், மின்சாரம் கொடுத்தார்கள், ரோடு போட்டுக் கொடுத்தார்கள். ஆலையிலே வேலை செய்கிறவன் இரவு எங்கே தலை சாய்ப்பான் என்ற கேள்வி மட்டும் யாருக்கும் எழவில்லை! தொழிலாளர்களுக்கு வீடு கட்ட மத்திய சர்க்கார் 1952-லேயே மானியத் திட்டம் ஒன்று கொண்டுவந்ததுண்டு. அம்பத்தூருக்கு மூன்றாவது ரயில் நிலையமான ஆவடியிலே, 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிச மாதிரி சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானமும் போட்டதுண்டு. தீர்மானம் ஆவடியோடு நின்றது. தொழிலாளி மேனாம்பேட்டிலும் கள்ளிக்குப்பத்திலும் மண்ணூர்பேட்டையிலும் ஒற்றை அறைக்கு அலைந்தான். வீட்டு வசதி வாரியம் 1961 சட்டத்தின்படி அமைந்த பிறகு கொரட்டூரிலும் முகப்பேரிலும் அயப்பாக்கத்திலும் வீடுகள் கட்டியது வாஸ்தவம். ஆனால் வந்து குவிந்த மக்கள் தொகைக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அந்த இடைவெளியிலேதான் தனியார் கட்டடக்காரர் புகுந்தார். 1990-களிலிருந்து இரண்டு கிரவுண்டு, மூன்று கிரவுண்டு மனைகளிலே எட்டு வீடு, பன்னிரண்டு வீடு என்று அடுக்குகள் எழுந்தன. அவற்றை வாங்கியவர்களிலே பாதிப்பேர் அங்கே குடியிருக்க வாங்கவில்லை. வாடகைக்கு விடவே வாங்கினார்கள். வங்கி உத்தியோகஸ்தர், கம்பெனி அதிகாரி, துபாயிலே சம்பாதித்தவர் என்று பலரும் இதிலே பணம் போட்டார்கள். தொழிற்பேட்டைக்குள் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்த பிறகு வாடகை இன்னும் ஏறியது. வாங்கின கடனைக் குடித்தனக்காரரின் வாடகை அடைத்துக்கொண்டே வந்தது.

இப்போது ஏன் விற்கிறார்கள்? இங்கேதான் தோழர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் அமெரிக்காவிலே இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பார்கள். அது பொய்யல்ல. ஆனால் அதோடு இன்னொரு காரணமும் உண்டு. கட்டடத்துக்கும் வயதாகிவிட்டது! இருபத்தைந்து வருஷம் பால் கறந்த மாடு இது. இனி வைத்தியச் செலவு வரும். மொட்டைமாடித் தளம் பெயர்க்க வேண்டும், குழாய் மாற்ற வேண்டும், துருவேறிய கம்பிக்குச் சிமெண்டு பூச வேண்டும். அந்தச் செலவுப் பட்டியல் கதவைத் தட்டும் நேரத்திலேதான் வீட்டுக்காரருக்குக் குடித்தனக்காரர் மேல் திடீரென்று அன்பு பிறக்கிறது. “உனக்கென்றால் குறைத்துத் தருகிறேன் அப்பா” என்கிறார். குறைப்பது எவ்வளவு, தலையிலே கட்டுவது எவ்வளவு என்று கணக்குப் பார்க்காமல் அந்த அன்புக்கு அடிமையாகிவிடக் கூடாது.

சொந்த வீடு என்ற ஆசையைப் பற்றியே நம் இயக்கத்திலே பழைய விவாதம் ஒன்று உண்டு. 1872-இல் ஜெர்மனியிலே லைப்சிக் நகரத்திலிருந்து வந்த தொழிலாளர் பத்திரிகையிலே எங்கெல்ஸ் வீட்டுப் பிரச்னையைப் பற்றித் தொடர் கட்டுரை எழுதினார். பிரெஞ்சுக்காரர் புரூதோன் வழி வந்தவர்கள், “குடித்தனக்காரன் கொடுக்கும் வாடகையை வீட்டு விலைக்குத் தவணையாக வரவு வைத்துக்கொண்டால், சில ஆண்டுகளில் அவனே சொந்தக்காரன் ஆகிவிடுவான், பிரச்னை தீர்ந்தது” என்றார்கள். எங்கெல்ஸ் ஒப்பவில்லை. பெருந்தொழில் காலத்துத் தொழிலாளிக்கு இடம்விட்டு இடம் பெயர்கிற சுதந்திரம் வேண்டும். ஒரு குடிசையோடு அவனைக் கட்டிப்போட்டால் முதலாளி வைத்ததே கூலி என்றாகும், வாடகை மிச்சமாகிறதே என்று அந்த அளவுக்குக் கூலியையும் குறைப்பான் என்று வாதித்தார்.

வேடிக்கை என்னவென்றால், இன்று நம்முடைய அம்பத்தூர்த் தரகர்கள் எல்லாருமே புரூதோனின் சீடர்கள்! “மாதாமாதம் வாடகையாகக் கொடுக்கிற பணத்தைத் தவணையாகக் கட்டிவிட்டால் வீடு உங்களுடையது சார்” என்று சொல்லாத தரகர் உண்டா? நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய வாதம், டீக்கடையிலே புது மெருகோடு உலவுகிறது.

எங்கெல்ஸ் சொன்னதிலே உள்ள உண்மையை அம்பத்தூர் கண்ணாரக் கண்டிருக்கிறது. டன்லப் என்ற பெயர் இன்று பஸ் நிறுத்தத்திலே வாழ்கிறது; ஆலை வாழவில்லை. ஆலை படுத்தபோது, பக்கத்திலே கடன் வாங்கி வீடு கட்டியிருந்தவன் வேலை தேடி ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நாள்தோறும் ஓட வேண்டியிருந்தது. வாடகைக்கு இருந்தவன் சாமானை வண்டியிலே ஏற்றிக்கொண்டு போனான்.

அப்படியானால் வீடே வாங்காதே என்று சொல்கிறோமா? இல்லை. எங்கெல்ஸ் சொன்னது சமுதாயத்தின் வீட்டுப் பிரச்னை எப்படித் தீராது என்பது பற்றி. ஒரு தொழிலாளி குடும்பம், பிரச்னை தீருகிற வரையில் வீட்டுக்காரர் தயவிலே கிடக்க வேண்டும் என்று அவர் கட்டளை போடவில்லை. குடித்தனக்காரனுக்கு இன்று சட்டத்திலே உள்ள பாதுகாப்பு என்ன? 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆயிரம் ஓட்டைகளோடு இருந்தாலும், நியாய வாடகை என்று ஒன்றைக் கோர்ட்டிலே கேட்கலாம், சட்டம் சொன்ன காரணமின்றி வெளியேற்ற முடியாது என்ற கவசத்தைக் கொடுத்தது. அதைக் கழற்றிவிட்டு, 2017-இல் புதுச் சட்டம் செய்து 2019 பிப்ரவரியில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது எல்லாம் ஒப்பந்தம். பதினோரு மாதமோ இரண்டு வருஷமோ, ஒப்பந்தத்திலே எழுதியதுதான் குடித்தனக்காரனுக்கு ஆயுள். கிழவனும் கிழவியுமாக அறுபத்தைந்து வயதிலே வீடு தேடித் தெருத்தெருவாக அலைய எந்தத் தோழரும் விரும்பமாட்டார். வயோதிக காலத்துக்கு ஒரு கூரை வேண்டும் என்ற ஆசை நியாயமானதே. கூரைக்கு என்ன விலை என்பதுதான் கேள்வி.

கணக்கைப் போட்டே பார்ப்போம். விலை 30 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கையிலிருப்பது 10 லட்சம், வங்கிக் கடன் 20 லட்சம், வட்டி 8.5 சதவீதம்; தவணைக் காலம் 20 வருஷம். மாதத் தவணை 17,356 ரூபாய். இருபது வருஷத்திலே கட்டி முடிக்கும் தொகை 41 லட்சத்து 65 ஆயிரம். அதாவது வாங்கியது 20 லட்சம், வட்டி மட்டும் 21 லட்சத்து 65 ஆயிரம்! நாற்பத்தைந்து வயதுத் தோழருக்கு 58-இல் வேலை முடிகிறது. பதின்மூன்று வருஷத்திலே அடைக்க வேண்டுமென்றால் தவணை 21,200-ஐத் தாண்டும். இதோடு நிற்கவில்லை. பழைய வீட்டை மறுவிற்பனையாக வாங்கும்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 30 லட்சத்துக்கு 2 லட்சத்து 70 ஆயிரம் சர்க்காருக்குப் போகும். அதற்கு வங்கி கடன் தராது. கையிலிருந்துதான் எடுத்து வைக்க வேண்டும். தரகருக்கு ஒரு பங்கு. பிறகு வெள்ளையடிப்பு, குழாய், கதவு.

அதே வீட்டுக்கு இன்று வாடகை 10 ஆயிரம் என்று வையுங்கள். வருஷத்துக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். 30 லட்சம் பெறுமான சொத்திலிருந்து வீட்டுக்காரருக்கு வருவது 4 சதவீதம்தான். நீங்கள் கடன் வாங்கினால் கொடுப்பது எட்டரை. வீட்டுக்காரர் ஏன் விற்றுவிட்டுப் பணத்தை பாங்கியிலே போடத் துடிக்கிறார் என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிகிறது. மறுபக்கமும் உண்டு. வாடகை நின்ற இடத்தில் நிற்காது. வருஷத்துக்கு 5 சதவீதம் ஏறினாலும் பதினைந்தாவது வருஷத்திலே 20 ஆயிரத்தைத் தொட்டுவிடும். தவணையோ, வட்டி விகிதம் மாறாத வரை, அப்படியே நிற்கும். ஆகவே இளைய தோழருக்குக் கணக்கு ஒரு விதம், ஓய்வை நெருங்கியவருக்கு வேறு விதம். நம்முடைய அபிப்பிராயம் இது: தவணை, குடும்பத்திலே ஒரே ஆள் சம்பளத்தின் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும். மனைவியின் சம்பளத்தையும் மகனுக்கு வரப்போகிற சம்பளத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறவர்கள், ஒரு கதவடைப்பு வந்தால் என்ன செய்வார்கள்? ஓய்வுபெறப் போகிறவர் பணிக்கொடை, வைப்புநிதி அனைத்தையும் செங்கல்லிலே கொட்டிவிட்டு, மருந்துக்கு மகனிடம் கையேந்துவதைவிட வாடகையே மேல்.

கணக்கு ஒத்துவந்தால் வீட்டைப் பார்க்கப் போகலாம்.

“வாடகைக்கு விட்ட வீடு, கண்டவர்கள் இருந்த வீடு” என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. வடநாட்டுத் தொழிலாளிகள் பத்துப் பேர் தங்கியிருந்தார்களாம், மாட்டுக்கறி சமைத்தார்களாம், வாசல் தெற்குப் பார்த்ததாம்! தோழர்களே, சைவர்களுக்கு மட்டும் என்று பலகை தொங்கவிடுகிற புத்திக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தொழிற்பேட்டையிலே நம்மோடு தோளோடு தோள் நிற்கிற பீகார்க்காரனும் ஒடியாக்காரனும் படுத்துறங்கியதால் எந்தச் சுவரும் தீட்டுப்பட்டுவிடவில்லை. அவர்கள் ஒரு வீட்டிலே பத்துப் பேராகப் படுத்தது ஆசையால் அல்ல. தலைக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வசூலித்ததால். அந்த முகச்சுளிப்பினாலே விலை குறைகிறது என்றால், அதை வாங்குகிற தோழர் தாராளமாக அனுபவிக்கலாம்! வாஸ்துவும் அப்படியே.

வாடகை வீடு கெடுவது குடித்தனக்காரனால் என்பது வீட்டுக்காரர்கள் கட்டிவிட்ட கதை. ஆணியடித்த துளையைப் பத்து ரூபாய்ப் பட்டியிலே அடைத்துவிடலாம். உண்மையான கெடுதல், பார்க்க வேண்டியவர் பாராமல் விட்டதால் வருவது. குளியலறைக் குழாய் கசிகிறது என்று குடித்தனக்காரன் நாலு வருஷம் சொல்லியிருப்பான். “பார்க்கலாம்” என்று வீட்டுக்காரர் நாலு வருஷம் சொல்லியிருப்பார். அந்த நாலு வருஷத் தண்ணீர் சுவருக்குள்ளே கம்பியைத் தின்றிருக்கும். ஆகவே பார்க்கும்போது ஹாலைப் பார்க்காதீர்கள், குளியலறையின் பின்பக்கச் சுவரைப் பாருங்கள். தளத்தின் அடிப்பாகத்திலே பழுப்பு நிறக் கோடு ஓடுகிறதா, சிமெண்டு உப்பியிருக்கிறதா, சாவியால் தட்டினால் பொள்ளென்று சத்தம் வருகிறதா என்று பாருங்கள். விற்பனைக்கு முன் வாரம் அடித்த புதுச் சுண்ணாம்பு எதையோ மறைக்கிறது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். நம் சங்கத்திலேயே கொத்தனார் தோழர்கள் இருக்கிறார்கள், பிளம்பர்கள் இருக்கிறார்கள். ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கண் அரை மணி நேரத்திலே காண்பதை, வங்கியின் மதிப்பீட்டுக்காரர் அறிக்கையிலே காணமுடியாது. அவர் பார்ப்பது வங்கியின் பணத்துக்கு ஈடு உண்டா என்பதை மட்டும்.

பழையது என்றாலே பயந்துவிட வேண்டியதில்லை என்பதையும் சொல்லவேண்டும். போரூருக்கு அருகே மௌலிவாக்கத்திலே 2014 ஜூன் 28-இல் பொடிப்பொடியாக விழுந்தது பழைய கட்டடமா? கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடி! 61 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் நம்மைப் போன்ற கூலித் தொழிலாளிகள். முப்பது மழைக்காலத்தைத் தாங்கி நிற்கிற கட்டடம் தன்னுடைய குணத்தை மறைக்க முடியாது. புதிய கட்டடம் மறைக்கும். வாடகைக்கு விடப்பட்ட பழைய வீட்டை வாங்குவதிலே உள்ள பெரிய வசதியே இதுதான். அந்த வீட்டின் சரித்திரத்தைச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

அவர்களைக் கேளுங்கள். விற்கிறவரைக் கேட்காதீர்கள், மாடியிலும் கீழேயும் குடியிருப்பவர்களையும் எதிர் மளிகைக்கடைக்காரரையும் கேளுங்கள். மூன்று வருஷங்களைக் குறிப்பிட்டே கேளுங்கள். 2015 டிசம்பரிலே தண்ணீர் எதுவரை வந்தது? 2019 கோடையிலே போரிலே தண்ணீர் இருந்ததா, லாரிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலே எத்தனை நாள் மின்சாரம் இல்லை? அந்தப் புயலிலே தொழிற்பேட்டையே குளமாகி, மெஷின்கள் மூழ்கிக் கிடந்ததை நாம் மறக்கவில்லை. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு ஓடும். அங்கிருந்து ரெட்டேரிக்கு ஓடும். ஓடுகிற வழியை அடைத்து வீடு கட்டிவிட்டு, தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அலறுவதிலே பயனில்லை. வீடு ஏரி வழியிலே வந்ததா, ஏரி வீட்டு வழியிலே வந்ததா என்பதைப் பழைய ஆட்கள் சொல்வார்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பன்னிரண்டு வீட்டிலே எத்தனை பேர் சொந்தக்காரர்கள், எத்தனை பேர் குடித்தனக்காரர்கள்? பத்து வீடு வாடகையென்றால், சங்கம் என்று ஒன்று பெயருக்குத்தான் இருக்கும். குடித்தனக்காரருக்கு வாக்கில்லை, சொந்தக்காரர் ஊரிலே இல்லை. மொட்டைமாடி ஒழுகினால் ஆளுக்கு இருபதாயிரம் போடுங்கள் என்று யாரிடம் கேட்பீர்கள்? சிங்கப்பூருக்குப் போன் போட்டா? இப்படிப்பட்ட கட்டடத்திலே குடியேறுகிற ஒரே சொந்தக்காரர், சம்பளமில்லாத மானேஜராகிவிடுவார். புதிய அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2024-இல் அமலுக்கு வந்திருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு சொந்தக்காரர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்கிறது. இதுவும் இருபக்கமும் வெட்டும் கத்தி. இருபது வருஷக் கடனிலே ஐந்து வருஷம் கட்டியிருக்கும்போது, மற்றவர்கள் இடிக்கத் தீர்மானித்தால் நீங்கள் மறுபடி வாடகை வீட்டுக்குத்தான் போகவேண்டும். புது வீடும் கிடைக்கலாம், கூடுதல் பணமும் கேட்கலாம்.

அந்த நாள் வரும்போது உங்கள் கையிலே மிஞ்சுவது சுவரல்ல, நிலம். பத்திரத்திலே பிரிபடாத பாகம் என்று எழுதியிருப்பார்களே, அதுதான் நீங்கள் வாங்குகிற உண்மையான சொத்து. இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி மனையிலே ஒரே அளவில் எட்டு வீடு என்றால், ஆளுக்கு 600 சதுர அடி வரவேண்டும். பத்திரத்திலே 350 என்று இருந்தால் மீதி எங்கே போயிற்று? எட்டுக்கு அனுமதி வாங்கி மொட்டைமாடியிலே இரண்டு வீடு கூடுதலாக எழுப்பியிருந்தால், அந்த இரண்டுக்கும் நிலம் எங்கிருந்து கிடைக்கும்? பெருநகர வளர்ச்சிக் குழுமமோ உள்ளாட்சியோ கொடுத்த வரைபடத்தைக் கையிலே வைத்துக்கொண்டு மாடிகளை விரல்விட்டு எண்ணுங்கள். வரைபடத்திலே இல்லாத மாடியிலே உள்ள வீடு, எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். அம்பத்தூர் 2011-இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய அனுமதிகளும் வரி ரசீதுகளும் நகராட்சிக் காலத்தவை. அவை இல்லை, தொலைந்துவிட்டது என்று சொன்னால், தேடி எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். அவசரம் அவருக்குத்தான், உங்களுக்கல்ல.

வில்லங்கச் சான்றிதழ் முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பார்ப்பதை எல்லாரும் அறிவர். வாடகைக்கு விட்ட வீட்டிலே அதற்குள் வராத வில்லங்கம் ஒன்று உண்டு, அது போக்கியம். ‘லீஸ்’ என்று நம் பக்கத்திலே சொல்லுவார்கள். ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ மொத்தமாக வாங்கிக்கொண்டு, வாடகையில்லாமல் குடிவைப்பது. காலி செய்யும்போது முழுத்தொகையைத் திருப்பித் தருவது. வெறும் முத்திரைத்தாளிலே எழுதி, பதிவு செய்யாமல் விட்டிருப்பார்கள். சான்றிதழ் சுத்தமாக இருக்கும். வீட்டுக்குள்ளே எட்டு லட்சம் உட்கார்ந்திருக்கும்! சொத்து மாற்றுச் சட்டம் 1882-ஆம் வருஷத்தது. வீட்டிலே ஒருவர் குடியிருந்தால், அவருக்கு என்ன உரிமை இருக்கிறது என்பது வாங்குகிறவருக்குத் தெரிந்ததாகவே கருதப்படும் என்று அதிலே இருக்கிறது. “எனக்குத் தெரியாது” என்ற வாதம் கோர்ட்டிலே எளிதில் நிற்காது. ஆகவே குடியிருப்பவரை நேரிலே பார்த்து, வாடகையா, போக்கியமா, முன்பணம் எவ்வளவு என்று கேட்டு, எழுத்திலே வாங்கிக்கொண்ட பிறகே பேச்சு.

சொந்தக்காரர் வெளிநாட்டிலே இருந்தால் இன்னும் இரட்டிப்பு எச்சரிக்கை. பவர் வைத்திருக்கிற மைத்துனர் கையெழுத்துப் போடுவார். பவர் கொடுத்தவர் உயிரோடிருக்கிறார் என்ற சான்று வேண்டும். பவர் பத்திரத்தையே வைத்துக்கொண்டு, கிரயப் பத்திரம் பிறகு பார்க்கலாம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்; வெறும் பவரினால் சொத்து மாறாது என்று சுப்ரீம் கோர்ட் 2011-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. வெளிநாட்டிலே குடியிருப்பவருக்கு விலை கொடுக்கும்போது, வருமான வரியைப் பிடித்துக்கொண்டு சர்க்காருக்குக் கட்டவேண்டிய பொறுப்பு வாங்குகிறவருடையது. அவர் கட்டாத வரிக்கு உங்களைத் தேடி நோட்டீஸ் வரும்.

இனி, இந்தப் பத்தியை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறோம். நீங்கள் வாங்கப் பார்க்கிற வீட்டிலே இன்னொரு தொழிலாளி குடியிருக்கிறார். “நான் காலி செய்து கொடுத்துவிடுகிறேன் சார், நீங்கள் கவலைப்படாதீர்கள்” என்கிறார் விற்கிறவர். எப்படிக் காலி செய்வார்? தண்ணீர் மோட்டாரை நிறுத்துவார், மின்சாரத்தைத் துண்டிப்பார், ஆள் அனுப்புவார். பிப்ரவரி மாதத்திலே, பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கிற நேரத்திலே, சாமான் தெருவுக்கு வரும். அந்த வீட்டிலே நம் தோழர் மறுவாரம் பால் காய்ச்சுவார்! முதல் நாள் வரை அவரும் குடித்தனக்காரர்தானே? வீட்டுக்காரர்களின் அட்டூழியத்தைப் பற்றிக் கூட்டத்திலே பேசியவர்தானே?

இந்தக் கேள்வியை அம்பத்தூர்த் தோழர்கள் முகத்துக்கு முகம் சந்திக்க வேண்டும். வாங்காதே என்று நாம் சொல்லவில்லை. சட்டப்படியே பார்த்தாலும், வீட்டை வாங்குகிறவர் பழைய வீட்டுக்காரரின் உரிமையோடு கடமையையும் ஏற்கிறார்; ஒப்பந்தக் காலம் மீதியிருந்தால் அது உங்களையும் கட்டும். அதற்கு மேலும் நாம் செய்யக்கூடியது உண்டு. குடியிருப்பவரோடு நேரே பேசுங்கள். பள்ளிக்கூட வருஷம் முடிகிற வரை, மே மாதம் வரை, அவகாசம் கொடுங்கள். அவர் கொடுத்த முன்பணத்தை விலையிலே கழித்து, பத்திரப் பதிவன்றே உங்கள் கையாலேயே அவரிடம் கொடுங்கள். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்பதுதான் புதுச் சட்டத்தின் பொது விதி. ஒப்பந்தம் வேறு சொன்னால் விட்டுவிடுகிறது. வழக்கமோ பத்து மாதம். அந்தப் பத்து மாதப் பணம் திரும்பாமல் அவரால் வேறு வீடு பிடிக்க முடியாது. இவ்வளவும் செய்ய விற்கிறவர் சம்மதிக்கவில்லையென்றால், அந்த வீடு நம் தோழருக்கு உரியதல்ல என்பது நம் கருத்து. குடியிருப்பவரே வாங்க ஆசைப்பட்டு, பணம் திரட்டிக்கொண்டிருந்தாரானால், போட்டிக்கு நிற்காமல் விலகிக்கொள்வதே முறை.

குடியிருப்பவருக்கு முதல் உரிமை என்பதை ஏன் சட்டமாகவே கேட்கக் கூடாது? இது கனவல்ல. 1921-இல், வெள்ளைக்காரன் ஆண்ட காலத்திலேயே, சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிறர் மனையிலே வாடகைக்கு இடம் பிடித்துத் தன் செலவிலே வீடு கட்டிக்கொண்டவனை மனைக்காரர் விரட்டப் பார்த்தால், அந்த மனையை எனக்கே விலைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று கோர்ட்டைக் கேட்கும் உரிமையை அதன் 9-ஆவது பிரிவு கொடுத்தது. மனைக்கு உண்டென்றால் அடுக்குமாடி வீட்டுக்கு ஏன் கூடாது? இருபது வருஷம் வாடகை கட்டியவனிடம் முதலிலே, நியாய விலைக்கு, தவணைக்குக் கேட்டுவிட்டுத்தான் வெளியாருக்கு விற்கவேண்டும் என்று விதி செய்தால் யாருடைய சொத்தும் பறிபோய்விடாது.

இங்கிலாந்திலே 1980-இல் தாட்சர் அம்மையார் கொண்டுவந்த சட்டத்தை இதற்கு எடுத்துக்காட்டாகச் சிலர் சொல்வார்கள். அது வேறு சங்கதி. நகரசபைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்த பொது வீடுகளைக் குடித்தனக்காரர்களுக்குத் தள்ளுபடி விலையிலே விற்றார்கள். விற்றதற்கு ஈடாகப் புது வீடு கட்டவில்லை. அன்று விற்ற வீடுகளிலே கணிசமான பகுதி இன்று தனியார் வீட்டுக்காரர் கைக்குப் போய், கூடுதல் வாடகைக்கு விடப்படுகிறது. பொதுச்சொத்தைத் துண்டு போட்டதன் பலன்! வியன்னா நகரத்துத் தொழிலாளிகள் வேறு வழி கண்டார்கள். 1923 முதல் 1934 வரை, பணக்காரர் மீது வீட்டு வரி போட்டு, அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளை நகரசபையே கட்டியது. 1930-இல் திறந்த கார்ல் மார்க்ஸ் பெயர் தாங்கிய ஒரே கட்டடத்திலே 1,382 வீடுகள். 1934 பிப்ரவரியிலே பிற்போக்கு சர்க்கார் அதன் மேல் பீரங்கி வைத்துச் சுட்டது. வீடுகள் நின்றன, இன்றும் நிற்கின்றன, இன்றும் அந்த நகரத்து மக்களிலே ஏறத்தாழப் பாதிப்பேர் நகரசபை வீட்டிலோ உதவி பெறும் சங்க வீட்டிலோதான் நியாய வாடகைக்கு இருக்கிறார்கள். அங்கே தொழிலாளிக்கு, வாங்கலாமா வேண்டாமா என்று இராத்தூக்கம் கெடுவதில்லை.

தொழிற்பேட்டை முதலாளிகளிடம் ஒரு வரி வசூலித்து, வாடகைக்கென்றே வீடு கட்டுங்கள் என்று வீட்டு வசதி வாரியத்தை நாம் கேட்க வேண்டும். நல்ல வாடகை வீடு தாராளமாகக் கிடைத்தால், பழைய வீட்டை விற்க வருகிறவரும் தாமாகவே விலையை இறக்குவார்.

அதுவரை, அம்பத்தூர்த் தோழர்களிலே யாருக்காவது இப்படி ஒரு வீடு வந்தால், முன்பணம் கொடுக்கும் முன்பு பத்திர நகலோடும் அனுமதி வரைபடத்தோடும் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். மாலை ஷிப்டு முடிந்து வந்தாலும் சரி. கொத்தனார் தோழரும் வக்கீல் தோழரும் பார்த்துச் சொல்வார்கள். ஒரு மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையிலே இன்னொரு முறை அந்த வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தீர்களானால் இன்னும் நல்லது.